கேள்வி கேட்கும் சபையும் பதில் எழுதும் குமாஸ்தாவும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘அரசுப் பணியும் இன்றைய இளைஞர்களும்’. அழைப்பிதழிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. நான் பேசப்போவது வேறு. செயலாளர் கோபித்துக்கொள்ளக் கூடாது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஐயம்பேட்டையில் எங்கள் தெருப் பையன் ஒருவன், நம் கல்லூரியில்தான் படிக்கிறான், டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டான். “தாத்தா, நீங்க கவர்மெண்ட்ல இருந்தவர்தானே? அமெரிக்காவுல அட்டர்னி ஜெனரலையே சபையை அவமதிச்சார்னு தீர்மானம் போட்டாங்களாமே. நம்ம ஊர்ல அப்படி முடியுமா?” என்று கேட்டான். நான் பாதி டீயில் நிறுத்திவிட்டேன். முடியும் என்று சொல்வதா, முடியாது என்று சொல்வதா? முடிந்த கதை ஒன்று இருக்கிறது. ஆனால் அதை டீக்கடையில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. சங்கத்துக் கூட்டத்தில் சொல்கிறேன், வந்து கேள் என்றேன். வந்திருக்கிறான், பின்வரிசையில்.

முதலில் அமெரிக்காவை முடித்துவிடுவோம். அங்கே காங்கிரஸ் சபை ஒரு விஷயத்தை விசாரிக்கும்போது யாரையும் வரச்சொல்லலாம், ஆவணம் கேட்கலாம். வராதவர், தராதவர் சபையை அவமதித்தவர் ஆகிறார். 1857-லேயே அதற்குச் சட்டம் போட்டு அதைக் குற்றமாக்கிவிட்டார்கள். சரி, அப்படிப்பட்டவர் மீது வழக்குப் போடுவது யார்? அரசாங்க வழக்கறிஞர். அவருக்கு மேலதிகாரி யார்? அட்டர்னி ஜெனரல். அந்த அட்டர்னி ஜெனரலே குற்றவாளி என்றால்? இங்கேதான் சிக்கல்.

1982 டிசம்பரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆன் கோர்சச் என்ற அம்மையார், நச்சுக் கழிவுகளைச் சுத்தம் செய்யும் திட்டம் பற்றிய கோப்புகளைத் தரவில்லை என்று பிரதிநிதிகள் சபை 259-க்கு 105 என்று வாக்களித்து அவரை அவமதிப்புக் குற்றவாளி ஆக்கியது. தரக்கூடாது என்று சொன்னது அதிபர் ரீகன். கடைசியில் சமரசம் ஆகிக் கோப்புகள் சபைக்குப் போயின, அம்மையார் 1983 மார்ச்சில் பதவி விலகினார். 2012-ல் எரிக் ஹோல்டர், 2024 ஜூனில் மெரிக் கார்லண்ட். இவர்கள் இருவரும் பதவியில் இருந்த அட்டர்னி ஜெனரல்கள். கார்லண்ட் விஷயத்தில் வாக்கு 216-க்கு 207. இருவர் மீதும் அவர்களுடைய துறையே வழக்குப் போடவில்லை. ஆனால் பதவியில் இல்லாத ஸ்டீவ் பானன், பீட்டர் நவாரோ இருவர் மீதும் வழக்குப் போட்டு, 2024-ல் ஆளுக்கு நாலு மாதம் சிறையில் வைத்தார்கள். பதவியில் இருந்தால் ஒரு நியாயம், இறங்கிவிட்டால் ஒரு நியாயம். நமக்கு இது ஒன்றும் புதிதாகத் தெரியாது.

நிற்க. நம் நாட்டு ஏற்பாடு வேறு மாதிரி. நம் அமைச்சர்கள் சபைக்கு உள்ளேயே உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களைச் சபைக்கு வா என்று சம்மன் அனுப்ப வேண்டியதில்லை. தினமும் காலையில் கேள்வி நேரத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். பொதுக்கணக்குக் குழு மாதிரியான நிதிக் குழுக்கள் நாடாளுமன்றத்தில் அமைச்சரைக் கூப்பிடுவதில்லை, செயலாளரைத்தான் கூப்பிடும். அரசின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடு என்று சொல்லி ஓர் ஆவணத்தைத் தர மறுக்க மக்களவை விதியிலேயே இடம் இருக்கிறது. சபையை அவமதித்தால் என்ன தண்டனை, எது அவமதிப்பு என்பதற்கு அரசியல் சட்டத்தின் 105, 194 ஆகிய பிரிவுகள் இருக்கின்றன. அவற்றின்படி சட்டம் இயற்றி வரையறுத்துக்கொள்ளலாம் என்று 1950-ல் இடம் விட்டார்கள். இன்றுவரை அப்படி ஒரு முழுச் சட்டம் வரவில்லை. சட்டமன்றக்காரர்களுக்கு அதில் அவசரம் இல்லை. வரையறுத்தால் குறைந்துவிடும் அல்லவா?

இனி நான் சொல்ல வந்த கதை. இங்கே இருக்கிற மாணவர்களுக்கு இந்திரா காந்தி 1978-ல் ஒரு வாரம் திகார் சிறையில் இருந்தார் என்பது தெரிந்திருக்கலாம். ஏன் இருந்தார் என்று கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் “எமர்ஜென்சி” என்பார்கள். அது சரியில்லை. எமர்ஜென்சி வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, 1975 ஏப்ரலில் நடந்த ஒரு விஷயத்துக்காக இருந்தார். அந்த விஷயத்தின் மையத்தில் தலைவர்கள் யாரும் இல்லை. நாலு அதிகாரிகள் இருந்தார்கள். என்னைப் போல கோப்பு தூக்கியவர்கள். கொஞ்சம் மேல்நிலை, அவ்வளவுதான்.

அப்போது சஞ்சய் காந்தியின் மாருதி நிறுவனத்துக்குச் சிறிய கார் செய்ய உரிமம் கொடுத்திருந்தார்கள். முழுக்க முழுக்க உள்நாட்டிலேயே செய்ய வேண்டும், வெளிநாட்டு இயந்திரம் இறக்குமதி செய்யக்கூடாது என்பது நிபந்தனை. ஆனால் இறக்குமதி இயந்திரங்கள் ஒரு தரகு நிறுவனம் வழியாக அங்கே போயிருக்கின்றன என்று பேச்சு. மக்களவையில் நட்சத்திரக் குறியிட்ட கேள்வி வந்தது. நட்சத்திரக் கேள்வி என்றால் அமைச்சர் வாயால் பதில் சொல்ல வேண்டும், உறுப்பினர்கள் துணைக் கேள்வி கேட்பார்கள். துணைக் கேள்வியில் அமைச்சர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, கேள்வியில் கேட்டதை விடப் பத்து மடங்கு தகவலை அதிகாரிகள் திரட்டி வைக்க வேண்டும். அதைத்தான் அந்த நாலு பேரும் செய்தார்கள். ஒருவர் கனரகத் தொழில் அமைச்சகத்தில் துணைச் செயலாளர், ஒருவர் தொழில்நுட்ப வளர்ச்சித் தலைமை இயக்ககத்தில் அதிகாரி, மற்ற இருவர் அரசு வணிக நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பிரிவு. பெயர்களைப் பார்த்தால் இரண்டு பேர் நம் பக்கத்து ஆள்கள் மாதிரி தெரிகிறது. பாட்லிபாய் நிறுவனத்திடமும் மாருதியிடமும் “என்ன இயந்திரம், எங்கிருந்து வந்தது?” என்று விவரம் கேட்டார்கள். அவ்வளவே அவர்கள் செய்த குற்றம்.

சில நாட்களுக்குள் நாலு பேர் மீதும் மத்தியப் புலனாய்வுத் துறை பாய்ந்தது. வீடுகளில் சோதனை, வழக்கு, பணியிடை நீக்கம் என்று ஆளுக்கு ஒரு விதமாக அனுபவித்தார்கள். தொழில் அமைச்சராக இருந்த டி.ஏ. பாய், பிறகு ஷா கமிஷன் முன் சாட்சி சொன்னபோது, பிரதமர் கடும் கோபத்தில் இருந்ததையும் தன் எதிரிலேயே விசாரணைக்கு உத்தரவு போனதையும் சொன்னார். நினைத்துப் பாருங்கள். கேள்வி கேட்டது நாடாளுமன்ற உறுப்பினர், பதில் சொல்ல வேண்டியது அமைச்சர். அடி வாங்கியது நடுவில் விவரம் எழுதிக்கொண்டிருந்தவன்.

1977-ல் ஆட்சி மாறியது. நவம்பரில் மது லிமாயி, கன்வர் லால் குப்தா ஆகியோர் இதை உரிமை மீறல் பிரச்சினையாக மக்களவையில் எழுப்பினார்கள். உரிமைக்குழுவுக்குப் போயிற்று. சமர் குஹா அதன் தலைவர். குழு ஒரு வருடம் விசாரித்தது. இந்திரா காந்தி குழுவின் முன் சாட்சியம் அளிக்க மறுத்தார். குற்ற வழக்குக்கு ஆளாகக்கூடிய ஒருவரைத் தனக்கு எதிராகத் தானே பேசச் சொல்ல முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். சட்டம் படிக்கிறவர்கள் இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட வேண்டாம், கனமான வாதம்தான். 1978 நவம்பர் 21-ல் அறிக்கை வந்தது. ஒரு கேள்விக்குப் பதில் தயாரிக்கத் தகவல் திரட்டிய அதிகாரிகளைத் தடுத்தார்கள், மிரட்டினார்கள், பொய் வழக்குப் போட்டார்கள். இது சபையையே தடுத்ததற்குச் சமம் என்று குழு முடிவு சொன்னது. குற்றவாளிகள் மூன்று பேர்: இந்திரா காந்தி, அவருடைய கூடுதல் தனிச்செயலாளராக இருந்த ஆர்.கே. தவான், புலனாய்வுத் துறை இயக்குநராக இருந்த டி. சென்.

அதற்குள் இந்திரா காந்தி சிக்மகளூர் இடைத்தேர்தலில் ஜெயித்து அதே சபைக்கு உறுப்பினராக வந்துவிட்டார். சபாநாயகர் நாற்காலியில் இருந்தவர் கே.எஸ். ஹெக்டே. 1973-ல் தன்னை முந்திக்கொண்டு இளையவரைத் தலைமை நீதிபதி ஆக்கியதற்காக உச்ச நீதிமன்றத்தை விட்டு ராஜினாமா செய்த அதே ஹெக்டே. நாடகம் எழுதுகிறவர்கள்கூட இப்படிப் பாத்திரங்களைக் கொண்டுவந்து சேர்க்கத் தயங்குவார்கள். டிசம்பர் 19 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் தீர்மானம் கொண்டுவந்தார். இந்திரா காந்தியைச் சபையிலிருந்து நீக்குவது, கூட்டத்தொடர் முடியும் வரை சிறையில் வைப்பது. தவானுக்கும் சென்னுக்கும் அதே சிறை. நிறைவேறியது. அன்றே கைது. மறுநாள் இரண்டு வாலிபர்கள் பொம்மைத் துப்பாக்கியைக் காட்டி ஒரு விமானத்தைக் கடத்தி வாராணசியில் இறக்கி, அவரை விடுதலை செய் என்றார்கள். டிசம்பர் 26-ல் கூட்டத்தொடர் முடிந்தது, வெளியே வந்தார்.

பிறகு நடந்ததுதான் இந்தக் கதையில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது. 1980-ல் அவர் மீண்டும் பிரதமர். 1981 மே 7-ஆம் தேதி புதிய மக்களவை, பழைய தீர்மானத்தையே ரத்து செய்தது. நாடாளுமன்ற மரபுக்கே விரோதம் என்று சொல்லித் துடைத்தார்கள். காரணங்கள் சிலவற்றில் சரக்கு இருக்கிறது. ஐந்தாவது மக்களவையில் நடந்ததை ஆறாவது மக்களவை தண்டிக்கலாமா? அந்த நாலு பேரும் அரசாங்கத்து ஊழியர்கள்தானே, அவர்களைச் சபையின் ஊழியர்களாகக் கருதலாமா? நல்ல கேள்விகள்தான். ஆனால் தீர்மானம் போட்டபோதும் பெரும்பான்மை கை தூக்கியது, துடைத்தபோதும் பெரும்பான்மை கை தூக்கியது. கைகள்தான் வேறு.

என் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உரிமைக்குழு கண்ட விஷயம் சரி. சபைக்குத் தகவல் கொண்டுவருகிறவனை அடித்தால் அது சபையை அடித்தது மாதிரிதான். ஆனால் தண்டனை தப்பு. தேர்ந்தெடுத்து அனுப்பிய சிக்மகளூர் மக்களின் உறுப்பினர் பதவியைப் பறித்ததும், சிறைக்கு அனுப்பியதும், பார்க்கிறவர்கள் கண்ணுக்குப் பழிவாங்கலாகத் தெரிந்தது. கண்டித்து, நாலு பேருக்கும் நீதி செய்து, அத்தோடு விட்டிருந்தால் 1981-ல் துடைப்பது அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது. இதில் என்னோடு சண்டை போட இந்த அரங்கத்திலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். சாப்பாட்டு வேளையில் வைத்துக்கொள்வோம்.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். 1978 டிசம்பரில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்த இளநிலை உதவியாளர். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். பத்திரிகையில் இந்தச் செய்தியைச் சத்தம் போட்டுப் படித்த கண்காணிப்பாளர் ஒருவர், கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சொன்னார்: “பாத்தீங்களாப்பா, தகவல் தேடினவனுக்கு என்ன கதி ஆச்சுன்னு?” நான் அப்போது சின்னப் பையன், துடுக்கு. “சார், தேடினவனை மிரட்டினவங்கதானே ஜெயிலுக்குப் போறாங்க?” என்றேன். அவர் சிரித்தார். “அவங்க ஒரு வாரத்துல வந்துடுவாங்க தம்பி. இவனுங்க வீட்டுல ரெய்டு நடந்தது நடந்ததுதான்.”

நாடு முழுக்க ஒரு பாடம் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகைகள் எழுதின. எங்கள் அறையில் ஆறு மேசைகள். அந்த ஆறு மேசைகளும் கற்றுக்கொண்டது வேறு பாடம்.

எங்கள் அப்பா ஐயம்பேட்டையில் தறி போட்டவர். வீட்டுக் கூடத்தில் குழித்தறி. கோர்வைச் சேலைக்குக் கரைப் பக்கம் நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்த ஆள் நான்தான். கல்லூரிக்குச் சைக்கிளில் காஞ்சிபுரம் வந்து போன நாட்களிலும் விடியற்காலை இரண்டு மணி நேரம் தறிக்குப் போனது உண்டு. பேராசிரியர் ஐயா வகுப்பில் நான் தூங்கியதற்கு இதுதான் காரணம், நாற்பத்தைந்து வருடம் கழித்துச் சொல்லிக்கொள்கிறேன். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர். சங்கம் என்ன செய்யும் என்றால், பண்டிகைக் காலத்தில் தள்ளுபடி விலையில் சேலை விற்கும். அந்தத் தள்ளுபடித் தொகையை அரசாங்கம் பிற்பாடு சங்கத்துக்குக் கொடுக்கும். ‘ரிபேட்’ என்றால் எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். அந்தப் பணம் வரத் தாமதமானால் சங்கத்தில் ரொக்கம் இருக்காது. ரொக்கம் இல்லாவிட்டால் பட்டு கொடுக்க முடியாது, கூலி பாக்கி விழும். தறி சும்மா நிற்கும். தெருவில் அடகுக் கடைக்காரருக்கு மட்டும் வியாபாரம் நடக்கும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், அப்போது நான் உதவியாளர், என் மேசைக்கு ஒரு தாள் வந்தது. ‘சட்டமன்ற வினா, மிக அவசரம்’. ஓர் உறுப்பினர் கேட்டிருந்தார்: செங்கல்பட்டு மாவட்டத்தில் எத்தனை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தள்ளுபடிப் பணம் பாக்கி, எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து? அப்போது காஞ்சிபுரம் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. எனக்குக் கை நடுங்கியது. ஏனென்றால் பதில் என் அலமாரியிலேயே இருந்தது. சங்கம் வாரியாக, தேதி வாரியாகப் பட்டியல் நானே போட்டது. அதில் எங்கள் அப்பாவின் சங்கமும் ஒரு வரி.

அரை மணியில் வரைவு எழுதிக் கொண்டுபோனேன். மேலதிகாரி படித்தார். நல்ல மனிதர், கை சுத்தம், யாரையும் ‘டா’ போட்டுப் பேசமாட்டார். இரண்டு தடவை படித்துவிட்டு, “இத்தனை விவரம் குடுத்தா துணைக் கேள்வி வந்துகிட்டே இருக்குமே. ஏன் தாமதம்னு கேப்பாங்க. யார் கிட்ட ஃபைல் நின்னுச்சுன்னு கேப்பாங்க. ‘தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது’ன்னு போட்டுடுங்க” என்றார். நான், “சார், தகவல் இருக்கே” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. “எனக்கும் தெரியும், இருக்குதுன்னு” என்றார்.

எழுதினேன். என் கையாலேயே, என் கையெழுத்திலேயே எழுதினேன். யாரும் என்னை மிரட்டவில்லை, யார் வீட்டிலும் சோதனை நடக்கவில்லை, புலனாய்வுத் துறைக்கு என் பெயர்கூடத் தெரியாது. பத்து வருஷத்துக்கு முன்னால் டெல்லியில் நாலு பேருக்கு நடந்தது போதுமானதாக இருந்தது. அடித்தது ஒரு இடம், வலித்தது எத்தனையோ இடம்.

அந்த சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தார். சங்கத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். “ஏம்பா, சட்டசபையில நம்ம ரிபேட் விஷயம் கேட்டாங்களாமே. என்ன பதில் சொன்னாங்க?”

“தகவல் சேகரிக்கிறாங்களாம்பா.”

“சேகரிக்க என்னா இருக்குது? சங்கத்து நோட்டுல இருக்குதே. மெட்ராசுக்கும் எழுதிப் போட்டாங்களே.” கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். “அந்தத் தாளு யாரு கையில இருக்குதோ?” என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், எழுந்து போனேன். இதை இதுவரை என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. ஒலிபெருக்கி வைத்துச் சொல்கிறேன் பாருங்கள், வயசானால் வெட்கம் போய்விடுகிறது.

மாணவர்கள் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையின் முன் வைக்கப்படும்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் தப்பித்துவிட்டோம் என்று அலுவலகத்தில் நினைப்பார்கள். அது முழுக்கச் சரியில்லை. அந்த வரி ஒரு வாக்குறுதி. மக்களவையில் 1953-லேயே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். எந்தெந்தச் சொற்றொடர் உறுதிமொழி ஆகும் என்று ஒரு பட்டியலே இருக்கிறது, ‘தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது’ அதில் ஒன்று. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் குழு துரத்தும். நம் சட்டமன்றத்திலும் அப்படி ஒரு குழு உண்டு. சிறைச்சாலையும் கைதும் இல்லாத காரணத்தால் பத்திரிகைகள் அதைச் சீண்டுவதில்லை. அலுவலகத்தில் எங்களுக்கு உண்மையான பயம் அந்தக் குழுவின் கடிதத்தைக் கண்டுதான். எங்கள் ரிபேட் பதிலும் கடைசியில் அப்படித்தான் சபைக்குப் போயிற்று. அதே பட்டியல், நான் போட்டது. தேதி மட்டும் ஒன்றரை வருஷம் பின்னால். அதற்குள் எங்கள் தெருவில் மூன்று தறி நின்றுவிட்டது.

அப்படியானால் சபைகள் இந்த அவமதிப்பு அதிகாரத்தை அதிகாரிகள் மேல் காட்டியதே இல்லையா என்று கேட்பீர்கள். காட்டியிருக்கிறார்கள். 2023 மார்ச் 3-ஆம் தேதி உத்தரப் பிரதேசச் சட்டமன்றத்தில் ஆறு போலீஸ்காரர்களைக் கூண்டில் நிறுத்தினார்கள். 2004 செப்டம்பரில் கான்பூரில் மின்வெட்டை எதிர்த்து ஊர்வலம் போன ஒரு சட்டமன்ற உறுப்பினரை அடித்துக் காலை முறித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2005-லேயே உரிமைக்குழு குற்றவாளிகள் என்று சொல்லிவிட்டது. தண்டனை வரப் பதினெட்டு வருடம் ஆயிற்று, அதற்குள் அவர்களில் உயர் அதிகாரி பணி ஓய்வே பெற்றுவிட்டார். சட்டமன்றக் கட்டடத்திலேயே ஓர் அறையில் நள்ளிரவு வரை காவல். அவ்வளவுதான். அடிபட்ட உறுப்பினரின் கட்சி ஆட்சிக்கு வந்த பிறகுதான் சபைக்கு நினைவு வந்தது என்று விமர்சித்தவர்களும் உண்டு.

அதே உத்தரப் பிரதேசச் சபை 1964-ல் கேசவ் சிங் என்பவருக்கு ஜாமீன் கொடுத்த இரண்டு உயர் நீதிமன்ற நீதிபதிகளையே பிடித்து வாருங்கள் என்றது. இருபத்தெட்டு நீதிபதிகள் ஒன்றாக உட்கார்ந்து அதற்குத் தடை போட்டார்கள், குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். அது தனிக் கதை, பேராசிரியர் ஐயாவைக் கேட்டால் மூன்று மணி நேரம் சொல்வார்.

நம் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தன் கோபத்தை அதிகமாகக் காட்டியது பத்திரிகைக்காரர்கள் மேல்தான். 1987-ல் ஒரு நகைச்சுவைப் படத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதத் தண்டனை. கூக்குரல் எழுந்து இரண்டொரு நாளில் விட்டார்கள். பிறகு நீதிமன்றம் அவருக்கு ஆயிரம் ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. படம் போட்டவர் மேல் அவ்வளவு வேகம். பட்டியலை அலமாரியில் பூட்டி வைத்த எங்களைப் போன்றவர்களை எந்தச் சபையும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால்? கேட்டிருந்தால் என் மேலதிகாரியின் பயம் வேறு பக்கம் திரும்பியிருக்கும் என்று நினைக்கிறேன். துணைக் கேள்விக்குப் பயந்தவர், மறைத்தால் வரும் கேள்விக்கும் பயந்திருப்பார்.

கேட்பதற்கு அதிகாரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. டெல்லிச் சட்டமன்றக் குழு ஒன்று ஃபேஸ்புக் நிறுவனத்தின் இந்தியத் தலைவரை வரச்சொன்ன வழக்கில், 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: சபையின் குழு உறுப்பினர் அல்லாத வெளியாளையும் கூப்பிடலாம், வரமறுப்பது சபையின் வேலையைத் தடுப்பதாகும். ஆனால் சபைக்கு எந்த விஷயத்தில் அதிகாரம் உண்டோ அதற்குள் நிற்க வேண்டும் என்றும் கோடு போட்டது. ஆக, கூப்பிட முடியும். கூப்பிட்டு யாரைப் பாதுகாக்கிறோம், யாரைத் தண்டிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

டீக்கடையில் கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான்: அட்டர்னி ஜெனரலைத் தண்டிக்க முடியுமா என்பதை விட, அவர் அலுவலகத்தில் கடைசி மேசையில் உட்கார்ந்திருப்பவன் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போக முடியுமா என்று பார். அமெரிக்காவிலும் அதையே பார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்பு ஒரு பெண், புதிதாகச் சேர்ந்தவள், சட்டமன்ற வினாவுக்கு முழுப் பட்டியலோடு வரைவு கொண்டுவந்தாள். அப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு மேலதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான். இரண்டு தடவை படித்தேன். துணைக் கேள்விகள் எனக்குக் கண்ணில் தெரிந்தன, ஏழு எட்டு வரும். “இதை இப்படியேதான் அனுப்பணுமா?” என்று வாய் வரை வந்துவிட்டது, மறைக்க மாட்டேன். “எந்த ஊரும்மா?” என்று கேட்டேன். வாலாஜாபாத் என்றாள். கையெழுத்துப் போட்டேன். துணைக் கேள்வி ஒன்பது வந்தது. அமைச்சர் சங்கடப்பட்டார், எனக்கும் நாலு வார்த்தை விழுந்தது. அந்தப் பெண்ணை நான் சொல்லச்சொல்லி வேறு பிரிவுக்கு மாற்றச் சொன்னார்கள். அது மட்டும் முடியாது என்றேன். முடியாது என்று சொன்னதால் ஒன்றும் ஆகிவிடவில்லை. எண்பதுகளிலும் ஒன்றும் ஆகியிருக்காதோ என்று இப்போது சில ராத்திரிகளில் யோசிக்கிறேன்.

அப்பா 1996-ல் தறியை இறக்கிவிட்டார். அந்தத் தாள் யார் கையில் இருந்தது என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. தெரிந்தும் கேட்காமல் இருந்திருக்கலாம், அப்படிப்பட்ட மனிதர்தான்.

நேரமாகிவிட்டது என்று செயலாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். ஒரே ஒரு அறிவிப்பு. அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தைப் பார்க்க ஓர் உறுப்பினரிடம் சொல்லி அனுமதிச் சீட்டு வாங்கித் தருகிறேன். பத்து மாணவர்களை நான் அழைத்துப் போகிறேன், ரயில் செலவு சங்கத்துடையது, செயலாளர் தலையாட்டிவிட்டார். விடியற்காலை வண்டியைப் பிடிக்க வேண்டும். பெயர் கொடுக்க வேண்டியவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பாருங்கள். பின்வரிசைத் தம்பி பெயரை நானே எழுதிவிட்டேன்.